பெரிய வோல்ற்றளவு தாங்கும் திரான்சிஸ்டர்: பார்த்துத் தெரிவது எப்படி?

இடம்பெயரும் குடும்பம் வயலையோ கிணற்றையோ கொண்டுபோக முடியாது. கைத்தொழில் கூடவே வரும். மின்குமிழ், ரேடியோ, சார்ஜர் திருத்துவது அப்படியான தொழில். ஆனால் பொருந்தாத திரான்சிஸ்டரைப் போட்டால் திருத்திய பொருள் சில நிமிடங்களில் எரிந்துவிடும். வேலை தந்தவரின் நம்பிக்கையும் அதோடு போய்விடும்.

எவ்வளவு தாங்க வேண்டும்?

வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அது நேரோட்டமாக மாறிக் கொள்ளளவியில் நிரம்பும்போது ஏறக்குறைய 325 வோல்ற்று ஆகிறது. சார்ஜரில் திரான்சிஸ்டர் ஓட்டத்தை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் சுருளிலிருந்து எழும் வோல்ற்றளவு இதற்கு மேல் சேரும். மொத்தம் 600 வோல்ற்றையும் தாண்டலாம். ஆகவே குறைந்தது 700 வோல்ற்று தாங்கும் வகையே தேவை. 60 வோல்ற்று தாங்கும் 2 என் 3055 இங்கே உதவாது.

ஆனால் 12 வோல்ற்று பற்றரி விளக்குக்கு 2 என் 3055 போன்றதே நல்லது. பெரிய வோல்ற்றளவு தாங்கும் வகைகளின் பெருக்கம் குறைவு. அவை அங்கே சூடாகி, பற்றரியையும் வீணாக்கும்.

எங்கே கிடைக்கும்?

• பழுதான சி.எப்.எல். மின்குமிழ்: எம்.ஜே.ஈ. 13003 (700 வோல்ற்று, 1.5 அம்பியர்) அல்லது அதன் இனத்தவை இரண்டு இருக்கும். கண்ணாடியை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் உண்டு.

• பழைய கணினியின் மின்வழங்கி: பலவற்றில் 13007 (700 வோல்ற்று, 8 அம்பியர்) இருக்கும்.

• பழைய குழாய்த்திரைத் தொலைக்காட்சி: பி.யூ. 508 (1500 வோல்ற்று). எண்ணுக்குப் பின் ‘டி’ எழுத்து இருந்தால் உள்ளே ஓர் இருவாயியும் உண்டு. அதற்குப் பதிலாக ‘டி’ இல்லாததைப் போடக் கூடாது.

போடுமுன் சோதியுங்கள்

பல்மானியை இருவாயிச் சோதனையில் வையுங்கள். அடியிலிருந்து காலிக்கும் சேகரிப்பானுக்கும் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும். சேகரிப்பானுக்கும் காலிக்கும் இடையே எப்பக்கம் வைத்தாலும் ஓட்டம் கூடாது. ‘டி’ வகை மட்டும் விதிவிலக்கு. ஒரே எண்ணுள்ள திரான்சிஸ்டரிலும் கம்பெனிக்குக் கம்பெனி கால்களின் ஒழுங்கு மாறும். எண்ணை நம்பிப் பொருத்தாமல் அளந்து பாருங்கள்.

உயிர் முக்கியம்

மின்னைத் துண்டித்த பின்னும் கொள்ளளவியில் 325 வோல்ற்று தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாற்றுத் தடையின் கால்களைக் காப்பிட்ட குறட்டால் பிடித்துக் கொள்ளளவியின் இரு முனைகளிலும் பத்துச் செக்கன் வையுங்கள். பின்பு பல்மானியால் அளந்து, வோல்ற்றளவு இறங்கியதைக் கண்ட பிறகே கை வையுங்கள். திருத்திய பொருளை முதன்முறை இயக்கும்போது 100 வாற்று இழைக் குமிழைத் தொடராக இணையுங்கள். குமிழ் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குறுக்குச்சுற்று உண்டு, உடனே நிறுத்துங்கள்.

கழற்றிய ஒவ்வொன்றின் எண்ணையும், எந்தப் பொருளில் எடுத்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடைக்கு அலையும் செலவு மிஞ்சும்.