எஞ்சிய துண்டுகளைச் சேகரிப்போம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகளில் ஆலய வளாகம் கலகலப்பாகிவிடும். காலையிலேயே சிறுவர் சிறுமியர் நோட்டும் கலர் பென்சிலுமாக வந்து சேர்வார்கள். விவிலியக் கதை, செயல்பாட்டுப் பாடல், ஓவியம், கைவேலை, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, விளையாட்டு எனப் பத்து நாள்கள் பறந்துவிடும். அருள்சகோதரிகளும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இளையோரும் இதற்காகத் தரும் உழைப்பு பாராட்டுக்குரியது.

ஆனால் ஏழாம் நாளுக்குப் பிறகு நடப்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிறைவு விழா நெருங்கியதும் வகுப்புகள் நின்று ஒத்திகை தொடங்குகிறது. நன்றாக ஆடுபவர்கள், கூச்சமின்றிப் பேசுபவர்கள் என இருபது பேரை மேடைக்குத் தேர்ந்தெடுக்கிறோம். மற்றவர்களைச் சத்தம் போடாமல் உட்காரச் சொல்கிறோம். எட்டாம் நாள் அவர்களில் சிலர் வருவதில்லை. ஒன்பதாம் நாள் இன்னும் சிலர் வருவதில்லை. நடன உடைக்குப் பணம் கேட்டதைக் கூலி வேலைக்குப் போகும் அம்மாவிடம் சொல்லத் தயங்கிய பிள்ளையும் அவர்களில் உண்டு. விழாப் பரபரப்பில் அவர்கள் வராததை நாம் கவனிப்பதுகூட இல்லை. இந்தத் தவற்றை நாமும் பல ஆண்டுகள் செய்திருக்கிறோம்.

அப்பம் பலுகிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின் கூட்டம் முடிந்தது என்று இயேசு போய்விடவில்லை. எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு சீடர்களைப் பணித்தார் என்று யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரம் கூறுகிறது. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. முகாமின் கடைசி நாள்களும் இப்படிச் சேகரிக்கும் நாள்களாக அமைய வேண்டும்.

ஏன் சேகரிக்க வேண்டும்? கற்றது விரைவில் மறந்துபோகிறது என்பதே காரணம். அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை விளக்குகிறது. கல்லூரி மாணவர்கள் ஒரு சிறு பாடத்தைப் படித்தார்கள். பிறகு ஒரு முறை அதையே மீண்டும் வாசித்தார்கள்; மற்றொரு முறை புத்தகத்தைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் வாசித்த பாடமே அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்து நிலை மாறியது. மீண்டும் வாசித்ததில் 42 விழுக்காடே நினைவில் நின்றது. நினைவுகூர்ந்து எழுதியதிலோ 56 விழுக்காடு நின்றது. தானே எடுத்துச் சொல்லும்போதுதான் பாடம் மனத்தில் தங்குகிறது. அந்த வாய்ப்பு மேடையேறும் இருபது பேருக்கு மட்டும் கிடைத்தால் போதுமா?

கோடைக்கால வகுப்பின் நிறைவைப் பிள்ளைகளின் கையிலேயே ஒப்படைத்த வரலாறு ஒன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தரமான கல்வி மறுக்கப்பட்ட காலம். அந்தக் கோடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட 'விடுதலைப் பள்ளிகள்' தொடங்கப்பட்டன. பல பள்ளிகள் ஆலயங்களிலேயே நடந்தன. வாசிப்பு, கணிதம் ஆகியவற்றோடு தங்கள் இனத்தின் வரலாற்றையும், கேள்வி கேட்கும் துணிவையும் பிள்ளைகள் கற்றார்கள். ஜூன் 21 அன்று உரிமைப் பணியாளர்கள் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 4 அன்றுதான் அவர்களது உடல்கள் கிடைத்தன.

அதே வாரத்தில், சேனியின் சொந்த ஊரான மெரிடியனில், அந்தப் பள்ளிகளின் மாணவப் பிரதிநிதிகள் ஒன்றுகூடினார்கள். ஊரெங்கும் துயரமும் அச்சமும் நிறைந்திருந்த வேளை அது. மாணவர்கள் குழுக்களாக அமர்ந்து, பள்ளி, வீட்டு வசதி, மருத்துவம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் தங்களுக்கு என்ன தேவை என்று விவாதித்துத் தீர்மானங்களை எழுதினார்கள். கற்றதைத் தங்கள் சொந்தச் சொற்களில் சொன்னார்கள்.

நம் சூழல் வேறு. ஆயினும் நாம் கற்றுக்கொள்ள இதில் பாடம் உண்டு. கடைசி மூன்று நாள்களை நாம் இப்படி அமைக்கலாம்.

முதல் நாள், நினைவுகூரும் நாள். பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து, நோட்டைப் பாராமல், தமக்குப் பிடித்த கதையையோ பாடலையோ சொல்லட்டும். பேசத் தயங்கும் பிள்ளை வரைந்து காட்டட்டும்.

இரண்டாம் நாள், கற்பிக்கும் நாள். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குத் தாம் கற்ற ஒன்றைச் சொல்லித் தரட்டும். ஆசிரியர்களாகிய நாம் அருகில் அமர்ந்து கேட்போம். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அன்று மாலையே சென்று வருவோம்.

மூன்றாம் நாள், நிறைவு விழா. விழா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெற்றோர் வந்து மகிழ வேண்டும். ஆட்டமும் பாட்டும் இருக்கட்டும். ஆனால் தனி உடையும் வாடகை ஒலிபெருக்கியும் கட்டாயமில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒருமுறையாவது அழைக்கப்பட வேண்டும். ஒவ்வொருவரும் செய்த ஓவியமோ கைவேலையோ அவரவர் பெயரோடு சுவரில் இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு கடமை உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நோட்டுப் புத்தகம் வாங்க இயலாத பிள்ளை யார், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் நிலையில் இருப்பவர் யார் என்பது அந்தப் பத்து நாள்களில் ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிடும். அதைப் பங்குத்தந்தையிடமும் அந்தந்த அன்பியப் பொறுப்பாளர்களிடமும், பிள்ளையின் மனம் நோகாதபடி, தெரிவிக்க வேண்டும். அப்போது முகாம் முடிந்தாலும் நம் அக்கறை முடிவதில்லை.

இந்த ஆண்டு விழா முடிந்து பந்தலைப் பிரிக்கும் வேளையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்ப்போம். முதல் நாள் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் கடைசி நாளும் வந்திருந்தார்கள் என்று எண்ணுவோம். ஒரு துண்டும் வீணாகாதபடி சேகரிப்போம்.