பரணில் கிடக்கும் மடிக்கணினியும் விடிய விடிய வில்லுப்பாட்டும்

ஒரு லேப்டாப், ஒரு லினக்ஸ், ஒரு இலவச மென்பொருள்: கொடை விழாவின் முழுக் கதையையும் ஊரே பதிவு செய்துகொள்ளலாம்.

பங்குனி பிறந்துவிட்டால் தாமிரபரணிக் கரை ஊர்களில் கொடைப் பேச்சுதான். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்துப்பட்டன் என்று சாமிக்கொரு கதை உண்டு. ராத்திரி முழுக்க வில்லில் அந்தக் கதை ஓடும். எதிரே செல்போன்கள் வரிசையாக உயர்ந்து நிற்கும். விடிந்தபின் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடத் துண்டுகள்தான். தொடக்கம் முதல் முடிவு வரை முழுக் கதை யாரிடமும் இருக்காது.

முன்பு கதையை முழுதாகப் பதியும் வேலையை அறிஞர்களும் நிறுவனங்களும் செய்தார்கள். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970-களின் இறுதியில் தென்கோடிக்கு வந்து வில்லுப்பாட்டைப் பதிவு செய்து ஆராய்ந்தார். அவரது நூல் 1988-இல் வெளிவந்தது. இன்று பதிவுக்கான பொறி நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

நிறுவுவது எளிது

பழைய பாஸ் தடுமாறினால் டெபியனையோ, எடை குறைந்த லுபுண்டுவையோ போட்டுக்கொள்ளலாம். பிறகு டெர்மினலைத் திறந்து 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆடாசிட்டி' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் போதும். போட்டிருக்கும் லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மென்பொருள் இறங்கும். கிராக், சீரியல் நம்பர் எதுவும் தேவையில்லை. ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் கட்டற்ற ஒலிப்பதிவு மென்பொருள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் நேர்கோடு மட்டும் ஓடும், அல்லது 'கருவியைத் திறக்க முடியவில்லை' என்று வரும். லினக்ஸில் ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசுவது ஆல்சா என்ற அடுக்கு. அதன்மேல் பழைய கணினிகளில் பல்ஸ்ஆடியோ, புதிய பதிப்புகளில் பைப்வயர் உட்கார்ந்து ஒலியைப் பங்கிட்டுத் தரும். ஆடாசிட்டியில் அட்டையை நேரடியாகத் தேர்ந்தெடுத்தால், வேறு நிரல் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும் அட்டை கிடைக்காமல் போகலாம். 'டீஃபால்ட்' அல்லது 'பல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் ஒலி வரவில்லையென்றால் டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்து எஃப்4 அழுத்தி, மைக் மூடிக்கிடக்கிறதா என்று பாருங்கள்.

குடத்தடியும் குலவையும்

லேப்டாப்பின் உள்மைக் இந்த வேலைக்கு ஆகாது. ஃபேன் சத்தமே முன்னால் நிற்கும். "அண்ணாச்சி, ஒரு லைன் அவுட் குடுங்க" என்று மைக் செட்காரரிடம் கேட்டு வாங்குவது நல்லது. ஸ்பீக்கருக்குப் போகும் வயரை மட்டும் தொடக்கூடாது. அது ஒலி அட்டையைப் பொசுக்கிவிடும். லைன் அவுட்டையும் லேப்டாப்பின் மைக் துளை தாங்காது. இடையில் இரண்டு உள்ளீடு உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். பொதுத் தரத்தின்படி செய்த இன்டர்ஃபேஸ்கள் லினக்ஸில் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும்.

ஒரு உள்ளீட்டில் மைக் செட் லைன், மறு உள்ளீட்டில் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக். லைனில் பாடும் புலவர் குரலும் உடுக்கையும் தெளிவாக வரும், ஆனால் பெண்கள் போடும் குலவையும் சாமியாடியின் குரலும் அதில் சரியாக விழாது. அவை இல்லாத வில்லுப்பாட்டு பாதிதான்.

பாட்டு தொடங்குமுன் குடக்காரரை ஓங்கி அடிக்கச் சொல்லி அளவு பாருங்கள். அந்த அடியில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நின்றால் பயமில்லை. கதை சூடேறி சாமி வரும் நேரத்தில் வில்லின் மணியும் குடமும் சேர்ந்து எகிறும். மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி நறுக்கப்பட்டுவிடும்; பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது.

லேப்டாப் தானாகத் தூங்கும் வசதியை நிறுத்திவையுங்கள். இரண்டு தடத்தில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 635 எம்பி. வேலை நடக்கும்போது ஆடாசிட்டி வழக்கமாக 32 பிட்டில் எழுதுவதால் வட்டில் அதைப்போல் இரு மடங்கு இடம் வேண்டும். இடைவேளைதோறும் நிறுத்திச் சேமித்துவிட்டு, மறுநாள் ஃபிளாக் வடிவில் ஏற்றுமதி செய்தால் தரம் குறையாமல் கோப்பு சிறுக்கும். கோப்பின் பெயரிலேயே ஊர், கோயில், கதை, தேதி இருக்கட்டும்.

பாடகர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்பதும், அவர்களுக்கு ஒரு பிரதி கொடுப்பதும் மரியாதை. அது அவர்கள் பிழைப்பு. பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் வில்லுக்கும் வரி பிரிக்கும் கொடைக் கமிட்டி, ராத்திரி முழுக்க மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு இளவட்டத்தையும் ஒதுக்கலாம். மென்பொருளுக்குக் காசில்லை, கண்விழிக்க ஒரு ஆள்தான் வேண்டும்.