தராசு முள்ளைப் போல

பாடசாலை அதிபராகவோ, அலுவலகமொன்றின் பொறுப்பாளராகவோ பணிபுரிகின்றீர்களா? நாள் முழுவதும் பிறருக்குத் தீர்வு சொல்லும் உங்களிடம், "இப்பணியில் உங்கள் உள்ளம் எந்நிலையில் இருக்கின்றது?" என்று கடைசியாகக் கேட்டவர் யார்?

இன்று பெரிய நிறுவனங்கள் தம் தலைவர்களிடம் இத்தகைய வினாக்களை எழுப்புவதற்கென்றே பயிற்றுநர்களை அமர்த்துகின்றன. அவர்கள் தீர்வு கூறுவதைவிட, செவிமடுத்து, கேட்டதை அவர் முன்னேயே எடுத்து வைக்கின்றனர். திருச்சபைக்கு இது புதிதன்று.

1521ஆம் ஆண்டு பம்பலோனாவில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து, படுக்கையில் கிடந்தார் லொயோலா இஞ்ஞாசியார். வீரப்புகழ் பற்றிய கனவுகள் இன்பம் தந்து, பின் வறட்சியை விட்டுச் செல்வதையும், புனிதர்களைப் பின்பற்றும் எண்ணம் தந்த மகிழ்வோ நிலைத்திருப்பதையும் அவர் கவனித்தார். அக்கவனிப்பிலிருந்தே 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் நூல் முளைத்தது. 1548இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் அதனை அங்கீகரித்தார்.

அந்நூல் வழிகாட்டிக்கு விதிக்கும் கட்டுப்பாடு வியப்புக்குரியது. பயிற்சி பெறுபவரைத் துறவறத்தின் பக்கம்கூட அவர் தள்ளலாகாது. தராசு முள்ளைப் போல நடுவே நின்று, படைத்தவரே அவ்வான்மாவோடு நேரடியாகச் செயற்பட இடம்விட வேண்டும். பெற்றோராகிய நம்மில் எத்தனை பேருக்கு இது கைவரும்? குருக்களுக்கே கடினம்தான்!

இயேசு சபையில் பயிலும் மாணவர் நாளுக்கு இருமுறை தம்மை ஆய்வு செய்யவேண்டும் என்றும் இஞ்ஞாசியார் விதித்தார். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், பணியால் களைத்து வந்த உங்கள் துணையிடம் கேளுங்கள்: இன்று எது அமைதி தந்தது? எது கசப்பை விட்டுச் சென்றது? பதில் வரும்வரை அறிவுரை எதுவும் கூறாதீர்கள்.