மருந்து டேங்க் சுமக்கும் முதுகு

வாலிகண்டபுரம் பக்கத்தில் ஒரு வெங்காயக் கொல்லையின் வரப்பில் நின்றிருந்தேன். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களில் உறவுக்கார அக்கா ஒருவர், வெங்காயத் தாளின் அடியைக் கிள்ளிப் பிரித்து என் உள்ளங்கையில் தட்டினார். மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ ஊர்ந்தது.

"பேனு விழுந்திருக்கு தம்பி. நாலு நாளாவே தாளு வெளுத்துக்கிட்டு வருது."

"கொல்லைக்காரர்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொல்லி என்ன ஆவப்போவுது? மருந்தடிக்க ஆளு கூப்பிடுவாரு. எந்தம்பிதான் போவான்."

பூச்சியை முதலில் பார்த்தவர் அந்த அக்கா. என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் வேறொருவர். அந்த முடிவின் நஞ்சை மூச்சில் இழுக்கப்போவது அக்காவின் தம்பி. இயற்கை வேளாண்மை என்றதும் நகரத்துச் சந்தையும் கூடுதல் விலையும்தான் பேசப்படுகின்றன. டேங்க் சுமக்கும் முதுகைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போனது பெரம்பலூர் மாவட்டம். செட்டிகுளம், ஆலத்தூர், வேப்பந்தட்டை பக்கமெல்லாம் வெங்காயப் பட்டறைகளைப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 31 விழுக்காடு. விதை வெங்காயம் ஊன்றுவது, களையெடுப்பது, பிடுங்குவது, தாள் அறுப்பது என்று அந்த வெங்காயத்தில் நம் பெண்களின் கை படாத கட்டமே இல்லை. மருந்தடிக்கும் கூலிக்குப் போகிறவர்களிலும் நம் தெரு ஆண்கள் நிறைய.

என் சித்தப்பா ஒருவர் பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வருவார். கண்ணில் நீர் வடியும், கை நடுங்கும், சில நாள் வாந்தி எடுப்பார். "பித்தம்" என்று சொல்லி மோர் கொடுப்பார்கள். அது பித்தமல்ல, நஞ்சு என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே பருவத்தில் நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் உயிரிழந்தார்கள். நாலு நாள் செய்தி வந்தது. பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பேன் எங்கே ஒளிந்திருக்கிறது?

வெங்காயத்தின் முதல் எதிரி இலைப்பேன். தாளைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். வெள்ளி பூசியதுபோலத் திட்டுகள் தெரியும், பிறகு நுனி கருகும், தாள் சுருளும். வெயிலும் வறட்சியும் இருந்தால் வேகமாகப் பெருகும்.

நஞ்சடித்தும் இது ஏன் ஒழிவதில்லை? இதன் முட்டை தாளின் சதைக்குள் இருக்கிறது. குஞ்சுகள் தாள்கள் சேரும் அடி இடுக்கில் ஒளிந்திருக்கின்றன. கூட்டுப்புழுப் பருவம் மண்ணில் கழிகிறது. வளர்ந்தவை பக்கத்துக் கொல்லையிலிருந்து பறந்து வருகின்றன. டேங்க்கிலிருந்து பீய்ச்சுகிற மருந்து இவற்றில் பாதியைத் தொடுவதே இல்லை. வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு இருப்பதால் துளிகள் உருண்டு கீழே விழுந்துவிடுகின்றன. தப்பிய பேன்கள் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறையைப் பெருக்கிவிடும். அந்தத் தலைமுறைக்கு அதே மருந்து பழகிப்போகிறது. உடனே மருந்தின் அளவைக் கூட்டுகிறார்கள். பேனை நன்மை செய்யும் பூச்சிகளான பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தின்னும். அடிக்கிற நஞ்சில் முதலில் சாவது அவைதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் கோழிக்கால் நோய் என்றும் திருகல் என்றும் சொல்கிறார்களே, அவை பூஞ்சணத்தால் வருபவை. அதற்குப் பூச்சிமருந்து அடித்தால் பணம்தான் போகும். நோய் போகாது.

நஞ்சில்லாத வழி

இயற்கை முறையில் பூச்சி வந்த பிறகு ஓடுவதில்லை. ஊன்றுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

முதலில் வேலி. வெங்காயம் ஊன்றுவதற்கு ஒரு மாதம் முன்பே கொல்லையைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக விதைக்கவேண்டும். காற்றோடு பறந்து வரும் பேனை அது தடுக்கும். இடையிடையே ஆமணக்கு வைத்தால் வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதன் இலையில் கூட்டமாக முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி அழித்துவிடலாம்.

அடுத்து மண்ணும் விதையும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடவேண்டும். கிலோ விதை வெங்காயத்துக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்து ஊன்றினால் அழுகல் குறையும். யூரியாவை அள்ளிப்போட்ட கொல்லையில் தாள் கொழுகொழுவென்று வரும். அதுதான் பேனுக்கு விருந்து.

பிறகு கண்காணிப்பு. நீல நிற ஒட்டுப்பொறி பேனை இழுக்கும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் வெட்டுப்புழுவின் ஆண் அந்துப்பூச்சி எவ்வளவு வருகிறது என்று தெரியும். தெளிப்பு நீர்ப் பாசனம் இருந்தால் மேலிருந்து விழும் நீரே பேனைக் கழுவித் தள்ளும்.

கடைசியில்தான் தெளிப்பு. 5 கிலோ காய்ந்த வேப்பம்பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைக்க வேண்டும். துணியில் வடிகட்டி 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்க்கவேண்டும். சோப்பு சேர்த்தால்தான் மெழுகுத் தாளில் கரைசல் ஒட்டும். வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில் தெளிக்கவேண்டும். தாளின் அடி இடுக்கு நனைய வேண்டும். வேம்பு அடித்தவுடன் கொல்வதில்லை. பூச்சியைத் தின்னவிடாமல், வளரவிடாமல் செய்யும். எனவே பேன் தலைகாட்டும்போதே தொடங்கி, மறுபடியும் மறுபடியும் தெளிக்கவேண்டும். கொல்லை முழுக்க வெளுத்த பிறகு தெளித்துவிட்டு "வேம்பு வேலை செய்யவில்லை" என்று சொல்லக்கூடாது.

வேப்பங்கொட்டை 3 மாதத்துக்குக் குறையாமலும் 8 மாதத்துக்கு மேற்படாமலும் இருப்பது நல்லது. ஆடியில் நம் தெரு மரத்தடியில் பொறுக்கிய கொட்டை ஐப்பசிப் பட்டத்துக்குச் சரியாகப் பக்குவமாகிவிடும். இன்று அதை என்ன செய்கிறோம்? பொறுக்கி வியாபாரியிடம் அற்ப விலைக்குப் போடுகிறோம். அதுவே வேப்பெண்ணெயாகவும் பூச்சிமருந்தாகவும் பாட்டிலில் அடைபட்டுக் கடைக்கு வருகிறது. ஒரு மகளிர் குழு கொட்டையைக் காயவைத்து, உடைத்து, பருப்பாக விற்றால் கூலி நம் தெருவுக்குள்ளேயே வரும்.

வாலிகண்டபுரத்திலேயே ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கண்டதை விவசாயிக்குச் செய்துகாட்டிப் பயிற்சி தருவதுதான் இத்தகைய மையங்களின் பணி. நிலம் இருப்பவர்தான் அங்கே போகவேண்டும் என்பதில்லை. களையெடுக்கும் பெண்களும் மருந்தடிக்கும் ஆண்களும் கூட்டாகப் போய், எங்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று கேட்கலாம். விலங்கியலும் வேளாண்மையும் படிக்கும் நம் பிள்ளைகள் அவர்களோடு போகவேண்டும். பேனை முதலில் பார்க்கிற கண்ணுக்கு அதன் வாழ்க்கைச் சுழற்சியும் தெரிந்தால், அந்தப் பெண் வெறும் களையெடுக்கும் ஆளாக இருக்கமாட்டார்.

தடை பூச்சியல்ல

அறிவு இருக்கிறது, வேம்பு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. இல்லாதது நிலம். ஆண்டுப் பயிருக்கு இயற்கை வேளாண் சான்று பெற 2 ஆண்டு மாற்றுக்காலம் வேண்டும். நம்மவர்களின் குத்தகையோ பெரும்பாலும் வாய்ப்பேச்சு, அதுவும் ஓராண்டுக்கு. மண்ணைத் தேற்றி எடுக்கும்போது, "அடுத்த பட்டத்துக்கு நானே வச்சுக்கிறேன்" என்று நிலக்காரர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? 1892-இல் பஞ்சமருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலங்கள் எங்கே என்ற பழைய கேள்வி, வெங்காயக் கொல்லையிலும் வந்து நிற்கிறது.

நிலமற்ற ஆதிதிராவிடப் பெண்கள் நிலம் வாங்க தாட்கோ வழியாக நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. நில மதிப்பில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். விசாரித்து விண்ணப்பியுங்கள். 5 விவசாயிகள் சேர்ந்தால் பங்கேற்பு உத்தரவாத முறையில் குழுவாகவே சான்று பெறலாம். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

அதுவரை கூலிக்கு மருந்தடிக்கத்தான் போகவேண்டும் என்றால், சிலவற்றை மறக்காதீர்கள். பாட்டிலில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது கடும் நஞ்சு. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்க 2005-லேயே தடை வந்துவிட்டது. வெங்காயத்துக்கு அதை நீட்டினால் முடியாது என்று சொல்லுங்கள். கையுறை, முகக்கவசம் கேட்பது சலுகை அல்ல, பூச்சிக்கொல்லிச் சட்டவிதிகள் சொல்லும் உரிமை. எதிர்க்காற்றில் அடிக்காதீர்கள். மயக்கம், வாந்தி, நடுக்கம் வந்தால் மோரை நம்பாமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த நஞ்சு என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும்.

எதையும் "வெங்காயம்" என்று தூக்கிப்போட்டுப் பேசுவார் பெரியார். உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லை என்ற பொருளில் அந்தச் சொல் அவர் வாயில் அடிக்கடி வரும். நம் மாவட்டத்து வெங்காயத்தை உரித்தால் உள்ளே நிலமும் சாதியும் இருக்கின்றன.

கொல்லையை விட்டுக் கிளம்பும்போது, வேப்பங்கொட்டைக் கரைசலைப் பற்றி அக்காவிடம் சொன்னேன்.

"இது எங்க அப்பாரு காலத்துலயே தெரியுமே தம்பி. சொந்தமா ஒரு கால் ஏக்கரு இருந்தா நான் இதைத்தான் அடிப்பேன்" என்றார்.