தொண்டு நிறுவனம் போன பிறகு ஊரில் நிற்பது எது?

2004 டிசம்பர் 26 காலை. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்த்த அவ்வூர்க்காரர், கடல் பொங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வீட்டாரை உடனே வெளியேறச் சொன்னார். செய்தி கேட்ட ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் கரையை விட்டு ஓடச் சொன்னார்கள். ஏறத்தாழ 3,500 பேர் வசித்த ஊர் தப்பியது.

அதே காலையில் நம் காரைக்கால்மேடும் கிளிஞ்சல்மேடும் பட்டினச்சேரியும் பறிகொடுத்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்தது அல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை நடுவாக வைத்து, சுற்றியுள்ள ஊர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. கடலோர ஊர்களில் அலையின் உயரத்தைத் தினமும் அறிவித்தார்கள். உள்ளே இருந்த ஊர்களில் விளைபொருள் விலை, பயிர் நோய், அரசுத் திட்டம் என்று தேவைப்பட்டதைச் சொன்னார்கள். கம்ப்யூட்டரும் பயிற்சியும் நிறுவனம் தரும். இடமும் நடத்தும் ஆட்களும் ஊரின் பொறுப்பு. எந்தச் சாதிக்காரரும் தடையில்லாமல் உள்ளே வர வேண்டும், நடத்துபவர்களில் பெண்கள் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். மையம் தங்களுடையது என்று ஊரார் நினைத்ததால்தான் அன்று சாவிக்குக் காத்திருக்காமல் கதவை உடைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு நம் கரைக்கும் தொண்டு நிறுவன வண்டிகள் வரிசையாக வந்தன. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடல்நீர் புகுந்த வயல் எல்லாவற்றுக்கும் ஜிப்சம் தேவையில்லை. வெறும் உவர் என்றால் வரப்பை உயர்த்தி, நல்ல தண்ணீரைத் தேக்கி, வடித்துவிட்டாலே உப்பு இறங்கும். மண்ணில் சோடியம் ஏறிக் களராகியிருந்தால்தான் ஜிப்சம் வேலை செய்யும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுவது இரண்டுக்கும் நல்லது. இந்த வித்தியாசத்தை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை ஊரில் இருந்தால், அது எத்தனையோ ஜிப்சம் மூட்டைக்குச் சமம். மூட்டை ஒரு பட்டத்தில் தீர்ந்துவிடும். நாம் ஆறுகளின் கடைமடை. கடல் பொங்காத ஆண்டிலும் மேலிருந்து தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறத்தான் செய்யும்.

வேலைவாய்ப்பு என்று பேசும்போது, நமக்குத் தெற்கே நாகப்பட்டினம் வட்டாரத்தில் நடந்ததைப் பார்க்காமல் போக முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். அதன் பிறகு இந்தப் பகுதிக்கு வந்து தங்கிய காந்தியவாதிகள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981-ல் லாஃப்டி என்ற உழுபவர் நில உரிமை அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்தைப் பறிக்கவில்லை. மிராசுதாரிடம் விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து வாங்கி, நிலமற்ற குடும்பத்துக்கு ஏக்கர் கணக்கில் பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பெயரில். இப்படி நிலம் பெற்றவை ஏறத்தாழ 13,000 குடும்பங்கள். 2008-ல் இருவருக்கும் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

விவசாயி என்ற முறையில் நீங்கள் பார்க்க வேண்டியது, நிலம் கொடுத்த பிறகு நடந்ததை. ஒரு ஏக்கர் நெல்லில் ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கச் சாப்பிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அறுவடை முடிந்து வேலை இல்லாத மாதங்களுக்காகப் பாய் பின்னுதல், தையல், தச்சு, கொத்து வேலை என்று கற்றுக்கொடுத்தார்கள். பாயும் செங்கல் சுவரும் உள்ளூரிலேயே தேவைப்படுகிறவை. சந்தையைத் தேடி வெளியே ஓட வேண்டியதில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்தத் தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தொண்டு அமைப்பு அழைத்துவந்த பெண்களுக்குச் சிப்பிக் காளான் பயிற்சி கொடுத்தேன். சான்றிதழ், புகைப்படம், தேநீர் எல்லாம் உண்டு. காளான் வித்து எங்கே கிடைக்கும், பறித்த காளானை அன்று மாலைக்குள் யார் வாங்குவார் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தபோது ஒரே ஒருவர்தான் விடாமல் செய்துகொண்டிருந்தார். அவருடைய அண்ணன் உணவகம் வைத்திருந்தார்.

எனவே உங்கள் ஊருக்கு ஓர் அமைப்பு வந்து என்ன வேண்டும் என்று கேட்டால், தையல் இயந்திரம், ஆடு என்று வழக்கமான பட்டியலைச் சொல்லாதீர்கள். ஊரிலேயே காசு கொடுத்து வாங்கும் பொருள் எது என்று பாருங்கள். நம் பகுதியில் எனக்குத் தோன்றுவது பயறு விதை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன், ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதை. பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் கடைக்கு ஓடி, கிடைத்ததை வாங்குகிறோம்.

இந்த விதையை மகளிர் குழு ஒன்று ஊரிலேயே உற்பத்தி செய்யலாம். நெல் தரிசுக்கு ஏற்ற ஆடுதுறை 3 உளுந்து நல்ல தேர்வு. பூக்கும்போது ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளிக்க வேண்டும். 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை 200 லிட்டராக்கினால் ஏக்கருக்குப் போதும். பிற ரகச் செடிகளையும் மஞ்சள் தேமல் தாக்கிய செடிகளையும் பிடுங்குவதற்குப் பொறுமையும் கூர்ந்த கண்ணும் வேண்டும். நம் பெண்களிடம் இரண்டும் உண்டு.

அமைப்பிடம் கேட்க வேண்டியது விதை சுத்திகரிக்கும் சல்லடை, ஈரம் புகாத சேமிப்பு, முதல் ஆண்டுச் செலவுக்குச் சுழல்நிதி. சல்லடையும் வங்கிக் கணக்கும் தொடக்கத்திலேயே குழுவின் பெயரில் இருக்கட்டும். திட்டம் முடியும்போது மாற்றித் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கணக்கு எழுதக் கற்றுத்தருவதையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முளைப்புத்திறன் சோதனை செய்யும் முறையை மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். சான்று விதையாக விற்க நினைத்தால், வயலைப் பதிவு செய்வதைப் பயிர் பூக்கும் வரை தள்ளிப்போடாதீர்கள். விதைத்த கையோடு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.