வைஃபைப் பெட்டியின் பழுதும் பரிகாரமும்

பள்ளிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் சுகாதார நிலையங்களிலும் சுவரின் உச்சியில் ஆணியில் தொங்கும் ஒரு சிறு பெட்டியை இன்று யாவரும் அறிவர். கம்பி வழியே வந்து சேரும் இணையத் தொடர்பை வானொலி அலைகளின் மூலம் கைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் வழங்குவதே அதன் தொழில். நூல்களில் அணுகுமுனை என்றும், வழக்கில் வைஃபைப் பெட்டி என்றும் அது கூறப்பெறும். பூட்டிய நாள் முதல் பழுதுபடும் நாள் வரையில் அதனை ஏறெடுத்துப் பார்ப்பார் இலர். விளக்கு எரிகின்றதா என்பது ஒன்றே சோதனை. ஆயினும் அப்பெட்டி உண்மையில் ஒரு சிறு கணினியாகும். மின்சாரம் பாய்ந்தவுடன் தான் செய்ய வேண்டுவன யாவை என்பதை அதற்கு உணர்த்தும் ஆணைத்தொகுதி ஒன்று அதன் நினைவகத்தில் பதிந்திருக்கின்றது. அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். இத்தகைய ஆணைத்தொகுதியில் பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்படுமாயின் யார் யார் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை, 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்பட்ட ‘கிராக்’ என்னும் குறையைக் கொண்டு நன்கு விளங்கிக்கொள்ளலாம்.

நான்கு செய்திகள்

வானொலி அலை சுவருக்குள் அடங்குவதன்று. தெருவில் நிற்பவனுடைய கருவியும் அதனை ஏற்கும். ஆகவே வைஃபையில் செல்லும் செய்திகள் யாவும் மறைகுறியாக மாற்றப்பட்டே அனுப்பப்படுகின்றன. இதற்கான முறை 2004ஆம் ஆண்டில் தரநிர்ணயமாக ஏற்கப்பெற்றது. டபிள்யூ.பி.ஏ.2 என்னும் பெயரால் வழங்கும் அம்முறை, 2006ஆம் ஆண்டு மார்ச்சு முதல் வைஃபைச் சான்று பெறும் கருவிகள் அனைத்திற்கும் கட்டாயமாயிற்று.

கைபேசியொன்று பெட்டியுடன் சேரும்பொழுது இரண்டிற்கும் இடையே நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. கடவுச்சொல் எப்பொழுதும் காற்றில் அனுப்பப்படுவதில்லை. பெட்டி முதற் செய்தியில் தற்செயலாய்த் தேர்ந்த ஓர் எண்ணை அனுப்புகின்றது. கைபேசி இரண்டாம் செய்தியில் தன் எண்ணை அனுப்புகின்றது. இவ்விரண்டையும் கடவுச்சொல்லிலிருந்து பிறந்த மறைபொருளையும் சேர்த்து இரு கருவிகளும் ஒரே திறவுகோலைத் தனித்தனியே கணித்துக்கொள்கின்றன. மூன்றாம் செய்தி வந்ததும் கைபேசி அத்திறவுகோலை நிறுவி, பெற்றுக்கொண்டேன் என்று நான்காம் செய்தியால் அறிவிக்கும்.

காற்றில் செல்லும் செய்தி தவறிப்போவதும் உண்டு. நான்காம் செய்தி வந்து சேராவிடில், மூன்றாம் செய்தியே போய்ச் சேரவில்லை போலும் என்று கருதிப் பெட்டி அதனை மீண்டும் அனுப்பும். இதில் தவறேதும் இல்லை. எந்த அஞ்சல் முறையிலும் இருக்க வேண்டிய ஏற்பாடே இது. மூன்றாம் செய்தியை மறுமுறை பெறும் கைபேசி, ஏற்கெனவே நிறுவிய திறவுகோலை மறுபடியும் நிறுவியதுதான் குறை. நிறுவும்பொழுதெல்லாம் செய்திகளுக்கு இடப்படும் வரிசை எண் தொடக்கத்திற்குத் திரும்பிவிடும். திறவுகோலும் வரிசை எண்ணும் சேர்ந்தே ஒவ்வொரு செய்தியையும் மறைக்கும் எண்தொடரை உண்டாக்குகின்றன. எனவே முன்பு பயன்பட்ட எண்தொடரே அடுத்த செய்திக்கும் வந்துவிடுகின்றது.

இதனால் விளையும் கேட்டை வகுப்பறையில் எளிய கூட்டலால் காட்டலாம். மறைக்க வேண்டிய எண் 15. மறைக்கும் எண் 42. இரண்டையும் கூட்டி 57 என்று அனுப்பினால், ஒற்றுக் கேட்பவனுக்கு அதனால் ஒன்றும் விளங்காது. அடுத்து மறைக்க வேண்டிய எண் 8 ஆக, அதே 42ஐக் கூட்டி 50 என்று அனுப்பியதாகக் கொள்வோம். இப்பொழுது அவன் 57இலிருந்து 50ஐக் கழித்தால் 7 கிட்டும். மறைக்கும் எண் இடையில் மறைந்தே போயிற்று. எஞ்சியது இரு செய்திகளின் வேறுபாடு. முதற் செய்தி இன்னதென்று அவன் ஊகிக்கக் கூடுமாயின் இரண்டாவதும் வெளிப்படும். கணினிச் செய்திகளில் முகப்புப் பகுதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஆதலால் அவ்வூகம் அரியதன்று. வைஃபையில் நிகழ்வது சாதாரணக் கூட்டலன்று, இரும எண்களுக்குரிய ஒருவகைச் சேர்க்கை. எனினும் தத்துவம் இதுவே.

ஆகவே தாக்குபவன் கடவுச்சொல்லை அறிய வேண்டுவதில்லை. இரு கருவிகளுக்கும் இடையே புகுந்து, நான்காம் செய்தியைத் தடுத்து நிறுத்தினால் போதும்.

குறை எவருடையது?

இக்குறையைக் கண்டவர் பெல்ஜியம் நாட்டின் லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப். வேறொரு கட்டுரையை முடிக்கும் தறுவாயில் ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் இயக்குமுறையின் ஆணைவரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு, திறவுகோலை நிறுவும் பகுதி இருமுறை அழைக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயமே பின்னர் பிராங்க் பீசன்ஸுடன் சேர்ந்து அவர் 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

நான்கு செய்திப் பரிமாற்றம் பாதுகாப்பானது என்பதற்கு 2005ஆம் ஆண்டிலேயே கணித முறையில் நிறுவல் அளிக்கப்பட்டிருந்தது. அந்த நிறுவல் பொய்த்துவிடவில்லை. திறவுகோல் இரகசியமாகவே இருக்கும் என்று அது காட்டியது. இன்றும் அது உண்மையே. ஆனால் அத்திறவுகோலை எப்பொழுது, எத்தனை முறை நிறுவலாம் என்ற வினாவை அது எழுப்பவில்லை. கேட்கப்படாத வினாவிற்குக் கணிதம் விடை தருவதில்லை.

குறை ஒரு தொழிற்சாலையின் கவனக்குறைவால் விளைந்ததாயின் அத்தொழிற்சாலையின் பெட்டிகளைத் திருத்தினால் போதும். இங்கோ தரநிர்ணயத்தைப் பின்பற்றிய கருவிகளே அகப்பட்டுக்கொண்டன. அன்றைய விண்டோஸும் ஐபோனின் இயக்குமுறையும் மறுமுறை வந்த மூன்றாம் செய்தியை ஏற்க மறுத்தன. தரநிர்ணயத்திற்கு அது மாறானது. அந்த மீறலே அவற்றை இத்தாக்குதலின் முதன்மை வடிவிலிருந்து காத்தது. எனினும் பொதுத் திறவுகோலைப் பற்றிய மற்றொரு வடிவிற்கு அவையும் உட்பட்டன. மாறாக, லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு 6.0இலும் இருந்த ஆணைத்தொகுதி, திறவுகோலை நிறுவியவுடன் அதன் படியை நினைவகத்திலிருந்து அழித்துவிடும். தரநிர்ணயத்தின் ஒரு குறிப்பைப் பின்பற்றிய முன்னெச்சரிக்கைதான் அது. ஆனால் மறுமுறை நிறுவும்பொழுது நிறுவப்பட்டது அழிந்துபோன திறவுகோல், அதாவது வெறும் பூச்சியங்கள். அக்கருவிகளின் செய்திகளைப் படிப்பது எல்லாவற்றிலும் எளிதாயிற்று.

இரகசியமாய் நடந்த திருத்தம்

இத்தகைய குறையைக் கண்டவர் உடனே பறைசாற்றுவாராயின், திருத்தம் வருமுன் திருடன் வந்துவிடுவான். சொல்லாமலே இருந்துவிடின் திருத்தம் ஒருபொழுதும் வாராது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே நடைமுறையில் கொள்ளப்படுகின்றது. வான்ஹூஃப் 2017 ஜூலை நடுவில், தாம் சோதித்த கருவிகளை ஆக்கியோர்க்கு மட்டும் அறிவித்தார். குறை முறையிலேயே உள்ளது என்பது தெளிவானபின், அமெரிக்காவின் கணினி அவசர நடவடிக்கை ஒருங்கிணைப்பு மையம் ஆகஸ்டு 28ஆம் தேதி பல நிறுவனங்களுக்கும் மறைவாய் அறிவிப்பு அனுப்பியது. அக்டோபர் 16ஆம் தேதி செய்தி உலகறிய வெளியிடப்பட்டது. அதற்கு ஆறு நாட்களுக்கு முன்பே விண்டோஸுக்கான திருத்தம் வெளிவந்துவிட்டது. ஐபோனுக்கு அம்மாத இறுதியிலும், ஆண்ட்ராய்டுக்கு நவம்பரிலும் திருத்தங்கள் வந்தன. ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் தங்கள் திருத்தத்தை ஆகஸ்டிலேயே வெளியிட்டுவிட்டனர். கூர்ந்து நோக்குவோர் அத்திருத்தத்தைக் கொண்டே குறையை உய்த்துணரக்கூடும் என்பதால் அது பின்னர் விவாதத்திற்கு உள்ளாயிற்று. இந்தியாவில் இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிடுவதும் முறையீடுகளைப் பெறுவதும், 2004ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவாகிய செர்ட்-இன் அமைப்பின் பொறுப்பாகும்.

பெட்டியா, கைபேசியா?

செய்தி வெளிவந்த நாட்களில் மக்கள் முதலில் செய்தது கடவுச்சொல்லை மாற்றியதே. அதனால் பயனில்லை என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். பெட்டியை மட்டும் திருத்துவதும் போதாது. திறவுகோலை மறுமுறை நிறுவியது பெரும்பாலும் கைபேசியும் கணினியுமே. எனினும் இருவகைப் பெட்டிகள் தாமே குறைக்கு உள்ளாயின. ஒன்று, வேறொரு பெட்டியிலிருந்து அலையைப் பெற்று அப்பால் பரப்பும் நீட்டிப்பான்; அது மூலப் பெட்டியின் முன் தானும் ஒரு கைபேசியைப் போல நடந்துகொள்கின்றது. மற்றொன்று, நடந்து செல்பவரின் கைபேசி ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு விரைந்து மாறுவதற்கான 802.11ஆர் என்னும் வசதி இயங்கும் பெட்டி. பெரிய கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் இவ்வசதி பயன்படுகின்றது.

திருத்தம் பெறாத பழைய கைபேசிகள் எங்கும் இருப்பதை எண்ணிச் சிலர் மற்றொரு வழியைக் கையாண்டனர். மூன்றாம் செய்தியை மறுமுறை அனுப்பாதவாறு பெட்டியின் ஆணைத்தொகுதியை அமைத்தல் அது. இதனால் கைபேசிக்குப் பாதுகாப்பு ஓரளவு கிட்டும். ஆனால் அலை வலுக்குறைந்த இடங்களில் தொடர்பு கிட்டாமற் போகும். நோய்க்கு நோயாளியைப் பட்டினி போடும் வைத்தியம் போன்றது இது. சில சமயம் வேண்டும், என்றும் வேண்டாம்.

அச்சமும் அளவோடு இருத்தல் வேண்டும். தாக்குபவன் அலை எட்டும் தொலைவிற்குள் இருத்தல் இன்றியமையாதது. எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கும் வலைத்தளங்களில் செய்திகள் இரண்டாம் முறையாகவும் மறைக்கப்படுவதால், வைஃபை மறைகுறி நீங்கினாலும் அவை வெளிப்படுவதில்லை. அவ்விரண்டாம் மறைப்பு இல்லாத பழைய உள்அலுவலகப் பக்கங்களில் நோயாளிகளின் விவரங்களையோ மாணவர் பட்டியலையோ பதியும் நிலையங்களே உண்மையில் இடருக்கு உள்ளானவை.

களத்தில் செய்யத்தக்கது

பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் மாதிரியின் பெயரும், அதனையடுத்து வன்பொருள் பதிப்பின் எண்ணும் இருக்கும். இவ்விரண்டையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரே பெயருடைய பெட்டிகள் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே வேறானவை. ஒன்றின் ஆணைத்தொகுதியை மற்றொன்றில் ஏற்றினால் பெட்டி உயிரற்ற கட்டையாகிவிடும். அடுத்து, நிர்வாகப் பக்கத்தில் இப்பொழுதுள்ள ஃபர்ம்வேரின் எண்ணையும் தேதியையும் காணலாம். அத்தேதி 2017 அக்டோபருக்கு முற்பட்டதாயின் அதில் இத்திருத்தம் பெரும்பாலும் இராது. புதிய தொகுதியை ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். இணைய நிறுவனம் தந்த பெட்டியாயின் அந்நிறுவனத்தையே கேட்க வேண்டும்; அதனை வெளியார் திருத்த இயலாதவாறு அவர்கள் அடைத்து வைத்திருப்பது வழக்கம்.

ஏற்றும் பணியை வைஃபை வழியாகச் செய்யலாகாது. கம்பியால் இணைத்த கணினியிலிருந்து செய்க. முன்னதாக அமைப்புகளைப் படியெடுத்து வைத்தல் நலம். நடுவில் மின்சாரம் நின்றால் பெட்டி கெட்டுவிடும். ஆதலின் மின்தடை மிகுந்த ஊர்களில் யு.பி.எஸ். இன்றி இதில் இறங்காதிருப்பதே அறிவுடைமை. ஏற்றியபின் சில பெட்டிகள் தொழிற்சாலை அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். நிர்வாகக் கடவுச்சொல்லையும் சரிபார்க்க. இது சிறு விஷயமன்று. அதே 2017ஆம் ஆண்டு ஜூலையில், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த மோடங்கள் பல இந்தியாவில் ஒரு தீய ஆணைத்தொகுதியின் தாக்குதலால் செயலிழந்தன.

பெட்டி முடிந்தபின், அதனுடன் சேரும் ஒவ்வொரு கைபேசியையும் கணினியையும் அச்சிடும் பொறியையும் நோக்க வேண்டும். புதுப்பிப்பே வாராத பழைய பெட்டியில் நீட்டிப்பு வசதியையும் 802.11ஆர் வசதியையும் நிறுத்திவிடுவது தற்காலப் பரிகாரம். நிரந்தரப் பரிகாரம் மாற்றுவதே. 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறை கொண்ட பெட்டியைத் தேர்ந்தாலும், ஆக்கியோர் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு அளிப்பர் என்பதைக் கேட்டே வாங்குதல் வேண்டும். 2021 மே மாதத்தில் வான்ஹூஃப் வெளியிட்ட வேறு பன்னிரண்டு குறைகளுள் சில, 1997ஆம் ஆண்டின் முதல் வைஃபை முறை தொடங்கி டபிள்யூ.பி.ஏ.3 வரையில் யாவற்றிலும் இருந்தன.

கழித்துவிடும் பழைய பெட்டியைப் பழம்பொருள் வியாபாரியிடம் கொடுக்குமுன், பின்புறத்துள்ள சிறு துளையில் ஊசியைச் செலுத்தி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே பதிந்துள்ள கடவுச்சொற்களை அழித்துவிட வேண்டும்.