பொங்கலுக்குச் சிறுகிழங்கு

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்குச் சிறுகிழங்கு இல்லாத பொங்கல் பொங்கலாகாது. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின், நானும் என் மனைவியும் இடுக்கி மாவட்டம் ஏலப்பாறையில் குடியேறினோம். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் மாமனார் கட்டிய சிறு வீடு அங்கே இருக்கிறது. வந்த முதல் வருடமே வீட்டுப் பின்புறம் சிறுகிழங்கு போடுவதென்று தீர்மானித்தேன். மலையாளிகள் இதனைக் கூர்க்கை என்பார்கள்.

ஏலப்பாறை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது உகந்தது; கிழங்குக்கு அவ்வளவாக ஆகாது. மழை அடித்தடித்து மண் இறுகியும் போயிருந்தது. அப்போது ஆலப்புழைப் பக்கமிருந்து வந்த தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைத்தது. தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீரைப் பிடித்து வைக்கும் பொருள் அது. மண்ணும் நார்க்கழிவும் சரிபாதி கலந்து பழைய சாக்குகளில் நிரப்பினேன்.

பக்கத்து லயத்தில் ஓய்வு பெற்ற தொழிலாளியான ஓர் அம்மாள் இருக்கிறார். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீருமேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது, சம்பளமின்றித் தவித்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. "அண்ணாச்சி, அப்ப மரச்சீனியும் சேம்பும்தான் எம்பிள்ளைங்க வயித்தை நிரப்புச்சு" என்பார். அவருக்கு இருப்பது லயத்தை ஒட்டிய ஒரு துண்டு நிலம்தான். அதிலும் நார்க்கழிவைக் கொட்டும்படி நானே யோசனை சொன்னேன். படித்தவர் சொல்கிறாரே என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

ஆடியில் நட்ட கொடிகள் ஆவணியிலேயே மஞ்சளித்தன. பொங்கலுக்கு முன் தோண்டிப் பார்த்தால் சுண்டைக்காய் அளவில் சில கிழங்குகள். "இதைத் தோலுரிக்க ஊசிதான் வேணும்" என்றாள் என் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளின் நிலத்திலும் அதே கதைதான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

காரணத்தைத் தேடிப் படித்த பிறகே என் தவறு புரிந்தது. பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் ஏறக்குறைய 112 பங்கு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். கழிவில் அது போதாததால், மண்ணில் உள்ளதையும் எடுத்துக்கொள்கின்றன. செடி பட்டினி கிடக்கிறது. ஆகவே கழிவு முதலில் மட்க வேண்டும். பிறகுதான் வேருக்குப் போக வேண்டும்.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு எளிய முறை ஒன்றைத் தந்திருக்கிறது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, ஒன்றரைக் கிலோ சிப்பிக்காளான் வித்து. நம் வீட்டு அளவுக்கு 100 கிலோ கழிவு எடுத்தால், அரைக் கிலோ யூரியாவும் 150 கிராம் வித்தும் போதும். நிழலில் பத்துப் பத்து கிலோவாக அடுக்க வேண்டும். ஓர் அடுக்கின்மேல் 30 கிராம் வித்து, அடுத்த அடுக்கின்மேல் 100 கிராம் யூரியா என்று மாறி மாறித் தூவ வேண்டும். ஈரம் காயாமல் நீர் தெளித்து வந்தால், சுமார் 60 நாளில் கறுத்து, மட்கி, குவியல் தாழும். 112 என்ற அந்தக் கணக்கு ஏறக்குறைய 24-க்கு இறங்கிவிடும். உப்பங்கழியில் ஊறிய மட்டையின் கழிவானால், முதலில் நல்ல நீரில் அலசி உப்பை நீக்க வேண்டும்.

மறு வருடம் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மட்கிய நார்க்கழிவு, ஒரு பங்கு மட்கிய சாணம் என்று கலந்தேன். புளிப்பு குறைய, நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே மண்ணில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தேன். இன்னொன்றை என் தொழில் கற்றுத் தந்திருந்தது. தண்டவாளத்தின் கீழுள்ள ஜல்லியில் சேறு அடைத்தால் நீர் வடியாது, பாதை அமிழும். சாக்கும் அப்படித்தான். அடியில் துளையிட்டு, செங்கல்மேல் தூக்கி வைத்தேன். தென்மேற்குப் பருவமழை கொட்டியும் கிழங்கு அழுகவில்லை.

அந்த அம்மாளின் நிலத்துக்கும் நானே மட்கிய உரம் சுமந்து போய்ப் போட்டேன். கடன் தீர்க்க வேண்டுமல்லவா?

மார்கழிக் கடைசியில் தோண்டினோம். சாக்கிலிட்டுத் தேய்த்துத் தோல் நீக்கும் அளவுக்குத் திரண்ட கிழங்குகள். போகி அன்று காலை அந்த அம்மாள் முறம் நிறையக் கொண்டு வந்து வைத்து, "நம்ம மண்ணுல விளைஞ்சது அண்ணாச்சி" என்றார். என்னிடம் இருந்தபோதும் வாங்கிக்கொண்டேன்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், சிறுகிழங்கில் 'ஸ்ரீ தரா' என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. கொடி கிடைப்பவர்கள் நான்கு சாக்கிலாவது நட்டுப் பாருங்கள். மொட்டை மாடியில் கேரட் போடுவோருக்கும் இதே கலவை உதவும். ஆனால் பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், கேரட் கிளைவிட்டுக் கோணும்.

எந்த ஊரில் இருந்தாலும், வரும் பொங்கலுக்கு உங்கள் வீட்டுக் கிழங்கு உங்கள் அடுப்பில் வேகட்டும்.